திருகு யார் கையில்?

கண்ணாடி பொய் சொல்லாது என்பது நம் முன்னோர் விட்டுச் சென்ற நம்பிக்கைகளுள் ஒன்று. உறவினர் முகமன் கூறுவர், நண்பர் தயங்குவர், பகைவர் மிகைப்படுத்துவர், சுவரில் தொங்கும் கண்ணாடி மட்டும் உள்ளதை உள்ளவாறு காட்டும் என்று நம்பி வந்தோம். உள்ளத்தை முகம் வெளிப்படுத்துகிறது என்று சொல்ல வந்த திருவள்ளுவரும் பளிங்கையே உவமையாகத் தேர்ந்தார். இந்த நம்பிக்கையைத்தான் சிலர் இன்று விலைப்பொருளாக்கிவிட்டனர். கண்ணாடிக்கு இருக்கும் நற்பெயரை முதலாக வைத்தே பொய்யை விற்கின்றனர் என்பது நம் குற்றச்சாட்டு. இதனை எவரும் மிகையென்று தள்ளிவிடாதிருக்க, முதலில் கண்ணாடியின் இயல்பைச் சற்றே காண்போம்.

நிலைக்கண்ணாடி உண்மையைக் காட்டுவது அது தட்டையாக இருக்கும்வரைதான். தட்டையாக்குவது எளிய வேலையன்று. உருகிய வெள்ளீயத்தின்மீது உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுப் பரப்பும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகுக்கு அறிவித்த பின்னரே, பெரிய சமதளக் கண்ணாடி எளியோர் வீட்டுக்கும் வந்தது. பதினான்காம் லூயியின் அரண்மனைக்குக் கண்ணாடி செய்வதற்கென 1665இல் தோன்றிய செயின்ட் கோபேன் நிறுவனம், இன்று நம் திருப்பெரும்புதூரில் அதே மிதப்பு முறையில்தான் கண்ணாடி செய்கிறது. அரசனுக்கு மட்டும் வாய்த்த நேர்மையான பிம்பம் இன்று தச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் வாய்த்துள்ளது. இது சிறிய பேறன்று.

ஆயின் மெல்லிய கண்ணாடி வளையும். அக்ரிலிக் கண்ணாடியோ இன்னும் எளிதாக வளையும்; வெள்ளி போல் பளபளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் விரும்பியவாறெல்லாம் வளையும். சட்டத்தின் பின்புறம் நான்கு திருகுகளை வைத்து, வேண்டும்போது இறுக்கவும் தளர்த்தவும் செய்தால், ஒரே கண்ணாடி காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் பேசும். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நம்மை நோக்கி முன்வரும்படி வளைத்தால் உருவம் நெடிதாகும். இடம் வலமாக வளைத்து நடுப்பகுதியை முன்தள்ளினால் உருவம் ஒடுங்கும். எவ்வளவு வளைவு வேண்டும்? கணக்கிட்டுப் பார்த்தோம். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கண்ணாடியின் நடுப்பகுதி வெறும் 5 மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தால், இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பவர் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு கூடுதல் உயரமாகத் தோன்றுவார். அகலம் மாறாது. ஒரு பென்சிலின் தடிப்புக்கும் குறைவான வளைவு அது. கண்ணுக்குப் புலப்படாது, கண்ணில் படும் உருவம் மட்டும் மெலிந்திருக்கும்.

திருவிழாக்கால பொருட்காட்சிகளில் வைக்கப்படும் சிரிப்புக் கண்ணாடிகளை நாம் குறைகூறவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராட்டினத்துக்கும் மரணக்கிணறுக்கும் இடையே தகரக் கொட்டகையில் நின்று, தந்தை தம் வயிறு பானையாவதையும் பிள்ளை தன் கால் பனைமரமாவதையும் கண்டு சிரிக்கும்போது அங்கே எவரும் ஏமாறுவதில்லை. அக்கண்ணாடி தன்னைப் பொய்யென்று வாயிலிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சொல்லப்போனால் நம் உடலைப் பற்றிய செருக்கையும் நாணத்தையும் ஒருசேரக் கலைத்துவிடும் நல்ல மருந்து அது. கொட்டகையை விட்டு வெளிவரும்போது நம் பழைய உருவம் நமக்கு இனிக்கிறது.

இதே வளைவு சொல்லாமல் செய்யப்படும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. அமெரிக்காவில் ‘ஸ்கின்னி மிரர்’ என்ற பெயரிலேயே, அதாவது மெலிவாகக் காட்டும் கண்ணாடி என்ற பெயரிலேயே, ஒரு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி விற்றது. வீடுகளுக்கு மட்டுமன்று, துணிக்கடைகளுக்கும் விற்றது. உடுத்திப் பார்ப்பவர் தம்மை விரும்பினால் துணியையும் விரும்புவார் என்பது அவ்வணிகத்தின் தத்துவம். தொலைக்காட்சியில் முதலீடு கேட்டு வந்தபோது அங்கிருந்த முதலாளிகளே அதனை ஏமாற்று என்று கடிந்துகொண்டனர். முதலாளிகளுக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நம் திருச்சிராப்பள்ளியில் தெப்பக்குளத்தைச் சுற்றியும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையிலும் மாடிமேல் மாடியாக எழுந்து நிற்கும் துணிக்கடைகளில் இவ்வாறு நடைபெறுகிறது என்று நாம் கூற வரவில்லை. அப்படிக் கூறச் சான்று வேண்டும். ஆனால் கண்ணாடியைச் சுவரில் சற்றே சாய்த்து நிறுத்துவதும், உடைமாற்றும் அறையில் மட்டும் விளக்கொளியைப் பொன்னிறமாக்குவதும் உலகெங்கும் வணிகர் அறிந்த பழைய உத்திகள். வீட்டுக்கு வந்தபின் சேலையின் நிறம் மாறிவிட்டதென்று வருந்தாத குடும்பம் நம்மிடையே உண்டா? நிறம் மாறவில்லை, அன்பர்களே. விளக்குத்தான் மாறிற்று.

திருச்சிக்காரர்களாகிய நமக்கு இவ்வகையில் ஒரு தனிப் பெருமை உண்டு. அதை நாமே மறந்துவருகிறோம். செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் இம்மாவட்டத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. இயந்திரம் தீட்டிய அயல்நாட்டுக் கற்கள் வந்தபின் அத்தொழில் நலிந்துவிட்டது வேறு கதை. சாணைச் சக்கரத்தின் முன் குனிந்திருந்த அந்தத் தொழிலாளிக்கு ஒளியின் போக்கு தெரியும். பட்டையின் கோணம் சிறிது பிசகினால் கல்லுக்குள் புகுந்த ஒளி திரும்பிவராமல் அடியோடு போய்விடும்; கல் இறந்துவிடும். அவர் செய்தது போலிக் கல்தான். ஆனால் போலி என்று சொல்லியே செய்தார். போலிக்குரிய விலைக்கே விற்றார். ஏழை வீட்டு மணப்பெண் அதனை அறிந்தே வாங்கிக் காதில் அணிந்து மின்னினாள். செயற்கை என்பதே குற்றமன்று என்பதற்கு நம் ஊரே சாட்சி.

காவிரியின் வடகரைக்குச் சென்றால் திருவரங்கக் கோயிலில் கண்ணாடி அறை என்றே ஒன்று உண்டு. பெருந்திருவிழாக் காலங்களில் உலாத் திருமேனியாகிய நம்பெருமாள் அங்கே எழுந்தருளுவார். சூழ நிற்கும் கண்ணாடிகளில் ஓருருவம் பலவாகத் தோன்றும். பிற சமயத்தவராகிய நாம் அவ்வழிபாட்டின் உட்பொருளை விளக்கப் புகுவது முறையன்று. எனினும் அதன் ஒளியியலைக் குறித்துச் சொல்லலாம்: முன்னின்று பார்ப்பவருக்குக் கிட்டாத பக்கத்தையும் அக்கண்ணாடிகள் காட்டித் தருகின்றன. நல்ல கண்ணாடி கூட்டுவது பொய்யையன்று. நம் கண்ணுக்கு எட்டாத மெய்யைத்தான். கேரளத்து ஆரன்முளையில் செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் உலோகக் கண்ணாடியும் அத்தகையதே. சாதாரணக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் இடையே சிறு இடைவெளி தெரியும். ரசம் பின்புறம் இருப்பதே காரணம். ஆரன்முளைக் கண்ணாடியிலோ விரலும் பிம்பமும் முத்தமிட்டுக்கொள்ளும்.

குமரி மாவட்டம் சாமித்தோப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐயா வைகுண்டர் தோற்றுவித்த நெறியில், பள்ளியறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியே வைக்கப்படுகிறது. நாராயண குருவும் 1927இல் சேர்த்தலைக்கு அருகிலுள்ள களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்தார். இடுப்புக்கு மேல் துணி அணியவும் தலைப்பாகை கட்டவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள், தம் முகத்தைத் தாமே நிமிர்ந்து பார்த்த இடங்கள் அவை. அந்தக் கண்ணாடிகளை எவரேனும் இரவோடிரவாக வளைத்து வைத்து, வந்தவரை எல்லாம் சற்றே வெளுப்பாக, சற்றே உயர்குடியாகக் காட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மக்கள் மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பர். ஆனால் எந்த விடுதலையும் பெற்றிரார்.

வளையும் கண்ணாடியையே நாம் வெறுக்கிறோம் என்று எவரும் கொள்ளற்க. வளைவால் உண்மையை மீட்கும் அருஞ்செயலும் இன்று நடைபெறுகிறது. விண்மீன் ஒளி நம் வளிமண்டலத்தைக் கடந்து வருகையில், கொதிக்கும் சட்டியின்மேல் தெரியும் காட்சி போல நடுங்கிக் குலைகிறது. நம் சவ்வாது மலையில் காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியாயினும், உலகின் வேறெந்தத் தொலைநோக்கியாயினும், தரையில் நிற்பனவற்றுக்கெல்லாம் இந்த இடர் உண்டு. கலங்கிய ஒளியின் கலக்கத்தை அளந்து, அதற்கு நேரெதிராகக் கண்ணாடியை வளைத்தால் கலக்கம் தீரும் என்ற கருத்தை ஹொரேஸ் பாப்காக் என்ற வானியலாளர் 1953இலேயே முன்வைத்தார். கணிப்பொறி வேகம் பெறும்வரை அது ஏட்டில் உறங்கிற்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிரகாம் மலைமீது நம் வத்திக்கான் விண்ணோக்கு நிலையத்தின் 1.8 மீட்டர் தொலைநோக்கி 1993இல் அர்ப்பணிக்கப்பட்டது. இயேசு சபைத் துறவியர் அங்கே வானை ஆய்ந்து வருகின்றனர். அதே மலையில் நிற்கும் மற்றொரு பெருந்தொலைநோக்கியில் 1.6 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள கண்ணாடி ஒன்றன் பின்புறம் 672 சிறு விசைகள் பொருத்தப்பட்டு, நொடிக்கு ஆயிரம் முறை அளவில் அதன் வடிவத்தைத் திருத்துகின்றன. நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பாதித் தடிப்புக்கூட இல்லாத ஏடு அது! காற்று செய்த பொய்யை நீக்குவதற்காகவே அக்கண்ணாடி தன்னை வளைத்துக்கொள்கிறது.

ஆகவே வளைவு குற்றமன்று. துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னாலும் திருகு. கிரகாம் மலைக் கண்ணாடிக்குப் பின்னாலும் திருகு. அந்தத் திருகு யார் கையில் இருக்கிறது, பார்ப்பவருக்கு அது தெரியுமா, திருகுவதால் ஆதாயம் யாருக்கு என்பனவே கேள்விகள்.

இக்கேள்விகளை இன்று ஒவ்வொரு இல்லத்திலும் கேட்க வேண்டியுள்ளது. ஏனெனில் திருகு வைத்த கண்ணாடி ஒன்று நம் பிள்ளைகளின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கைப்பேசியின் முன்புற ஒளிப்படக் கருவியைத்தான் குறிப்பிடுகிறோம். அது கண்களைப் பெரிதாக்கும், தாடையைச் செதுக்கும், தோலை வெளுக்கும், அம்மைத் தழும்பைத் துடைத்துவிடும். பல கருவிகளில் இத்திருத்தம் கேட்காமலே இயங்கியது. இது பயன்படுத்துவோரின் மனநலத்தைப் பாதிக்கக்கூடும் என்று கருதி, தன் பிக்சல் கைப்பேசிகளில் அதனைத் தாமாகவே இயங்காத நிலையில் வைப்பதாகக் கூகுள் நிறுவனம் 2020இல் அறிவித்தது. ‘அழகு’ என்ற சொல்லையும் அத்திருத்தத்துக்கு இடும் பெயரிலிருந்து விலக்கிக்கொண்டது. விளம்பரப் படங்களில் உடலின் அளவையும் வடிவையும் தோலையும் திருத்தியிருந்தால் அதனை அடையாளமிட்டுச் சொல்ல வேண்டும் என்று நார்வே 2021இல் சட்டம் இயற்றியது. பிரான்சில் 2017 முதலே, விளம்பர அழகியின் உடலை மெலிவாக்கியோ பருமனாக்கியோ திருத்திய படத்துக்கு அத்தகைய அறிவிப்பு கட்டாயம். பொருட்காட்சிக் கொட்டகையின் பெயர்ப்பலகையைத்தான் அந்நாடுகள் சட்டமாக்கியுள்ளன.

முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அகன்றவுடன் தன் சாயலை மறந்துவிடும் மனிதனைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதினார். அவர் காலத்தில் மறதி ஒரு குறையாக இருந்தது. இக்காலத்திலோ தன் முகத்தை மறப்பதற்காகவே கண்ணாடி பார்க்கிறார்கள்.

இதில் யாருடைய முகம் மிகுதியாகத் துடைக்கப்படுகிறது? நம் கறுத்த பெண்மக்களின் முகம்தான். 1975இல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்த வெளுப்புக் களிம்பு ஒன்று நாற்பத்தைந்து ஆண்டுகள் அதே பெயரில் நடமாடி, உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்த 2020இல்தான் தன் பெயரை மாற்றிக்கொண்டது. கறுப்பைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரம் கூடாதென்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014இலேயே நெறி வகுத்தது. சென்னையிலிருந்து இயங்கும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கிற்று. நாடறிந்த மணத்தொடர்பு நிறுவனம் ஒன்று, நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை 2020இல் நீக்கியது. வணிகர்களே வெட்கி விலக்கியதை, திருமுழுக்குப் பெற்ற நாம் இன்னும் விலக்கவில்லை. நம் பங்குகளில் நிரப்பித் தரப்படும் வரன் விவரத் தாள்களைப் பாருங்கள். கல்வி, பணி, குடும்பம் என்பவற்றோடு ‘நிறம்’ என்று ஒரு கட்டம். அதில் எவரும் கறுப்பு என்று எழுதுவதில்லை. ‘மாநிறம்’ என்ற இரக்கமுள்ள சொல் அங்கே பெருந்தொண்டு ஆற்றுகிறது.

பங்குப் பணியில் ஆண்டுகள் பல கழித்த எந்தக் குருவும் இதனை அறிவார். பெண்ணின் படம் திருத்தப்பட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. அவர்கள் நேரில் வருகிறார்கள். காப்பி குடிக்கிறார்கள், இனிப்பு உண்கிறார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள். சொல்லி அனுப்புவதில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. அவளுடைய படம்தான் அவளைத் தோற்கடித்தது. தன் பெயரில் தன்னைவிட வெளுப்பான ஒருத்தி உலவுகிறாள் என்பதும், எல்லாரும் அவளையே விரும்புகிறார்கள் என்பதும் இருபத்து நான்கு வயதில் தாங்கக்கூடிய சுமையா? இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்த பின் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்து, கறுப்பாயிருப்பதைப் பாவம்போல் சொல்லத் தொடங்கும் பிள்ளைகளை என்ன சொல்லித் தேற்றுவது? நமக்குக் கோபம்தான் வருகிறது.

திருச்சபையின் சுவர்களும் இதில் குற்றமற்றவை அல்ல என்று சொல்லிவிடுவது நேர்மை. நம் வீட்டுப் பீடங்களில் நாம் வைத்து வணங்கும் அச்சுப் படங்களில் நாசரேத்தூர்த் தச்சர் குடும்பம் எந்த நாட்டு நிறத்தில் இருக்கிறது? பாலஸ்தீன வெயிலில் உழைத்த ஒரு யூதப் பெண்ணை நீலக் கண்ணும் பொற்கூந்தலும் உடையவராக வரைந்த கண்ணாடியும் ஒரு கோணல் கண்ணாடிதான். வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் தந்தார். இத்தாலியிலிருந்து வந்தவருக்குத் தோன்றியது, இங்கேயே பிறந்த நமக்குத் தோன்ற இத்தனை காலமாகிறது. கோவாவின் ஓவியர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா மரியன்னையை இந்தியப் பெண்ணாகத் தீட்டியபோது அவரைத் தூற்றியவர்கள் வெளியார் அல்லர். நம் கத்தோலிக்க மக்களே.

‘சாமி, இதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு தன்னம்பிக்கை தருகிறதே, அதையும் ஏன் பறிக்கிறீர்கள்?’ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் திருகைத் தளர்த்தினால் போய்விடும் நம்பிக்கைக்குத் தன்னம்பிக்கை என்ற பெயர் பொருந்தாது. அது கண்ணாடி நம்பிக்கை. தலைவாரிப் பூச்சூட்டுவதும், நல்ல சேலை உடுத்துவதும், முகம் கழுவிப் பொட்டிடுவதும் வேறு. அவை பார்ப்பவருக்கும் தெரிந்தே நடப்பவை. நம் பாட்டிமார் செய்தவை. அவற்றைப் பழிக்கும் அளவுக்கு நாம் வறண்டுவிடவில்லை. ‘வியாபாரம் என்றால் கொஞ்சம் அப்படித்தான்’ என்போருக்கு மறுமொழி இன்னும் சுருக்கமானது: தராசின் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுபவனும் அதையேதான் சொல்கிறான். எடைக்கல்லுக்கு அரசு முத்திரை இருக்கிறது. உருவத்தைக் காட்டி விற்கும் கண்ணாடிக்கும் ஏன் இருக்கக்கூடாது?

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில உள்ளன. வரன் விவரத் தாள்களிலிருந்து நிறத்துக்கான கட்டத்தை நம் பங்குப் பேரவைகள் அடுத்த கூட்டத்திலேயே அடித்துவிடலாம். அதற்கு ஆயரின் ஆணை வரவேண்டியதில்லை. பெண் பார்க்கப் படம் கேட்பவர்களுக்கு, வாசலில் பகல் வெளிச்சத்தில் நின்று, கருவியின் திருத்தங்களை எல்லாம் நிறுத்திவிட்டு எடுத்த படத்தையே அனுப்புங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அத்தகைய படத்தையே கேளுங்கள். துணிக்கடைக்குச் செல்லும்போது கைப்பையில் ஒரு முழம் தையல் நூல் இருக்கட்டும். ஒருவர் ஒரு முனையையும் மற்றவர் மறுமுனையையும் பிடித்து, நிலைக்கண்ணாடியின்மேல் மேலிருந்து கீழாகவும், பின் இடமிருந்து வலமாகவும் இறுக்கிப் பிடியுங்கள். நூல் எங்கும் ஒட்டியிருந்தால் கண்ணாடி தட்டையானது. நடுவில் நூலுக்கும் கண்ணாடிக்கும் இடையே விரல்நகம் நுழைந்தால், அல்லது நடுவில் மட்டும் நூல் பட்டு ஓரங்களில் விலகி நின்றால், கடைப்பையனிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். அவன் கூலிக்கு நிற்பவன். கல்லாவில் அமர்ந்திருப்பவரை அழைத்து அந்த நூலைக் காட்டுங்கள்.